இரண்டு கணக்கு

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவரிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. வருமான வரிக்காரருக்கு ஒன்று, தமக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு எழுதும் வியாபாரிகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பெரியவர் வியாபாரி அல்லர். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். நூலளவு பிசகினாலும் செய்த வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாராம். கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்துவிட்ட பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதற்காக, வீட்டு வாசல் வரை வந்தவர் மறுபடியும் அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு நடந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட மனிதர் பொய்க் கணக்கு எழுதினார்.

பணக் கணக்கல்ல, சர்க்கரைக் கணக்கு. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் காட்டினால் அது ஓர் எண்ணைச் சொல்லும். அதைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். பழுப்பு அட்டை நோட்டில் மெஷின் சொன்ன எண் இருக்கும். நீல அட்டை நோட்டில் டாக்டருக்குப் பிடித்த எண் இருக்கும். பழுப்பில் 246 என்றால் நீலத்தில் 146. மாதம் ஒரு முறை செல்போனில் டாக்டரின் முகம் தெரியும்போது, பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீல நோட்டைக் கணீரென்று படிப்பார். டாக்டரும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, அதே மாத்திரைகளைத் தொடரச் சொல்வார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தச் செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். அவருக்கு அந்தக் கருவியோடு பழக்கமில்லை, மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் கனடாவில். ஒரு நாள் நோட்டை எடுத்து வரச் சொன்னார். நான் தவறிப்போய்ப் பழுப்பு நோட்டை எடுத்து வந்துவிட்டேன். பிரித்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"எதுக்கு ஐயா இது? யாரை ஏமாத்தறீங்க?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"யாரையும் ஏமாத்தலை, தம்பி. இந்த வயசுல திட்டு வாங்கத் தெம்பில்லை. அவ்வளவுதான்."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. கொடுக்கல் வாங்கலில் ஒரு பைசாவுக்குப் பொய் சொல்லாத மனிதர், தம் உயிர் விஷயத்தில், தம்மைக் காப்பாற்றுவதற்காகவே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஏன் பொய் சொல்கிறார்? குற்றம் அவருடையதா? டாக்டருடையதா? அல்லது இருவருக்கும் நடுவே நின்ற அந்தச் செல்போனுடையதா?

என் நண்பர் ஒருவர் சற்றும் தயங்காமல் செல்போன் மேல்தான் பழியைப் போட்டார். "நாடியைத் தொடாமல், நாக்கைப் பார்க்காமல், கண்ணாடிப் பலகையில் முகத்தைப் பார்த்து மருந்து சொல்வதெல்லாம் ஒரு வைத்தியமா? நேரில் போயிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க முடியுமா?" என்பது அவர் கட்சி.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சம்மதமில்லை. முதலாவதாக, நேரில் போவது என்றால் என்னவென்று, பட்டணத்துக்கு நடுவில் இருக்கும் என் நண்பருக்குத் தெரியாது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி, ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பத்து நிமிஷம் பார்த்துத் திரும்பினால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெரியவருக்காவது பென்ஷன் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். அவளுக்கு ஆஸ்பத்திரியின் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிப் பயனில்லை. ரூபாயில் சொல்ல வேண்டும். அதனால்தான் அவள் போவதில்லை. போகாமலிருப்பதைவிடப் போனில் பேசுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவதாக, வைத்தியத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், நோயாளியை விட்டுத் தள்ளி நிற்பதே ஒரு பாவம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை வியாதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் நம் முன்னோர்கள் இந்த வியாதியை அறிந்துகொண்டார்கள் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளியின் சிறுநீரை நாவில் வைத்துச் சுவைத்து, அது தேன்போல் இனிப்பதாக எழுதி வைத்தார். இதைவிட நெருக்கமான வைத்தியம் ஒன்று உண்டா? பிறகு கண்ணாடிக் குழாயும் பெனடிக்ட் கரைசலும் வந்தன. நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், நீலம் நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கவலை. அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே தாத்தாவுக்காக இந்தச் சோதனை நடந்த வீடுகள் எத்தனையோ உண்டு. அதன் பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு. இப்போது கையில் ஒட்டிய ஒரு பொட்டு. ஒவ்வொரு படியிலும் வைத்தியர் ஓரடி பின்னால் நகர்ந்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் நோயாளி கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்.

ஸ்டெதாஸ்கோப்பும் இதே கதைதான். 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு முழம் தூரத்தைக் கொண்டுவந்த அந்தக் குழல்தான் இன்று அன்புள்ள டாக்டரின் அடையாளமாக அவர் கழுத்தில் தொங்குகிறது! ஆகவே, நடுவில் ஒரு கருவி வந்துவிட்டதாலேயே நெருக்கம் செத்துவிட்டது என்று புலம்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

தூரத்திலிருந்து செய்யும் சர்க்கரை வைத்தியம் பலிக்குமா என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே ஒரு தனி கிளினிக்கைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அவருடைய மகன் டாக்டர் வி. மோகனும் சகாக்களும் 2006-ல், இன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருக்கும் சூனாம்பேட்டுப் பக்கம் ஒரு வண்டியை அனுப்பினார்கள். சுற்றிலும் 42 கிராமங்கள். வண்டிக்குள் கண்ணின் விழித்திரையைப் படமெடுக்கும் காமிராவும், காலின் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் பார்க்கும் கருவிகளும், இருதயப் படமெடுக்கும் மெஷினும் இருந்தன. படங்கள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. கயிற்றுக் கட்டிலில் கிடந்த கிழவியின் கண்ணுக்குள் இருந்த ரத்தக் குழாயைச் சென்னையில் இருந்த நிபுணர் பார்த்தார். அந்தக் கிராமங்களில் இருந்த 27,014 பெரியவர்களில் 23,380 பேரைச் சோதித்தார்கள். 1,138 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது.

அங்கேயே ஒரு சிறிய மருத்துவ நிலையமும் வைத்துத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. ஒரு வருஷத்துக்குள் அந்தச் சராசரி 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இதைப் படித்தபோது ஒரு விஷயம் என் மனத்தில் தைத்தது. செயற்கைக்கோள் ஆகாயத்தில் இருந்தது சரி. வண்டி ஊருக்குள் வந்ததல்லவா? வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, கிழவியின் பாதத்தைக் கையில் எடுத்துச் சோதித்தாரல்லவா? தூரத்து வைத்தியம் பலித்த இடத்தில் பக்கத்தில் வந்த ஒரு மனிதரும் இருந்திருக்கிறார்.

இனி, நம் பெரியவரின் பொய்க்கு வருவோம்.

ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் டாக்டரை நேரில் பார்த்தாலும், அந்தச் சந்திப்புகளைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறும். மீதி 8,759 மணி நேரமும் அவருக்கு அவரே டாக்டர். காலையில் எத்தனை இட்லி, மாத்திரையை எப்போது போட்டுக்கொள்வது, இன்று நடப்பதா படுப்பதா, கல்யாண வீட்டில் இலையில் விழுந்த ஜிலேபியை என்ன செய்வது எல்லாம் அவரேதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்பெண்டிசைட்டிஸ் வந்தால் டாக்டர் கையில் கத்தி இருக்கிறது. நோயாளி தூங்கிக்கொண்டிருந்தாலும் வைத்தியம் நடந்துவிடும். இந்த வியாதியில் நோயாளி விழித்திருந்தாலொழிய வைத்தியமே இல்லை. ஆகவே சர்க்கரை வியாதிக்காரருக்கு டாக்டர் எப்போதுமே தூரத்தில்தான் இருக்கிறார். அடுத்த தெருவில் இருந்தாலும் தூரத்தில்தான்.

அந்தத் தூரத்தைக் கடந்து போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது உண்மை. நோயாளி சொல்லும் உண்மை. அதைத்தான் பெரியவர் நீல அட்டை போட்டு மூடிவிட்டார்.

ஏன் மூடினார்? மற்ற வியாதிகளை நாம் துர்பாக்கியம் என்கிறோம். இந்த வியாதியை மட்டும் குற்றம் என்கிறோம். காமாலை வந்தவரை, "ஐயோ பாவம்" என்போம். சர்க்கரை வந்தவரை, "வாயைக் கட்டினால்தானே?" என்போம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர். பத்துக் கோடிப் பேரும் நாக்குக்கு அடிமையானவர்களா? பரம்பரையாக வந்த உடல்வாகு உண்டு. மூன்று வேளையும் வெள்ளை அரிசி உண்டு. உட்கார்ந்தே செய்யும் வேலை உண்டு. இரவு ஷிப்டில் கண்விழித்துப் பகலில் சாப்பிட்டுப் படுக்கும் வாழ்க்கை உண்டு. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு அந்த மனிதரின் நாக்கை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். விசாரணைக்கு உட்படுகிறவன் வக்கீல் வைத்துக்கொள்வது இயற்கை. பெரியவரின் வக்கீல் அந்த நீல நோட்டு.

நேரில் போயிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்ற என் நண்பரின் வாதம் இங்கேதான் விழுகிறது. நேரில் போன காலத்திலும் நீல நோட்டு இருந்திருக்கிறது! சட்டைப் பையில் அது ரயிலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

பொய் கடைசியில் பிடிபட்டது. நீல நோட்டு எப்போதும் 140-ஐச் சுற்றியே நின்றது. மூன்று மாதச் சராசரிச் சோதனை 9-ஐத் தாண்டியது. அப்படியென்றால் சர்க்கரை சராசரியாக 200-க்கு மேலேயே இருந்திருக்க வேண்டும். "மெஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு" என்றார் பெரியவர். மகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை கெட்டிக்காரன், அப்பா மேல் உயிர். கை மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தான். அது இரண்டு வாரம் வரை உழைக்கும். சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை தோலுக்கடியில் உள்ள நீரில் சர்க்கரையை அளந்து செல்போனுக்குச் சொல்லும். செல்போன் கனடாவுக்குச் சொல்லும். இனி அப்பா எந்த நோட்டும் எழுத வேண்டியதில்லை.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டான். அங்கே விடியற்காலை நாலரை மணி.

"அண்ணா, கொஞ்சம் அப்பாவைப் போய்ப் பாருங்களேன். 268 காட்டுது. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாரு."

போய்ப் பார்த்தேன். கூடத்தில் அம்மாளின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அன்று அவருடைய நினைவு நாள். பூந்தமல்லியிலிருந்து பெரியவரின் தங்கை வந்து சமைத்துப் படையல் போட்டிருந்தார். இலைக்குப் பக்கத்தில் பாயசக் கிண்ணம் காலியாக இருந்தது. பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கனடாவுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

"என் பொண்டாட்டிக்குப் படைச்ச பாயசத்தை நான் குடிச்சது ஊர் உலகத்துக்கெல்லாம் மணியடிக்குது, தம்பி."

மறுநாள் அவர் கையில் பொட்டு இல்லை. குளிக்கும்போது கழன்று விழுந்துவிட்டதாம்.

இங்கே எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரை திடீரென்று இறங்கினால், தனியாக இருக்கும் கிழவர் தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடலாம். அந்த ராத்திரியில் கனடாவில் அடிக்கும் மணி ஓர் உயிரைக் காப்பாற்றலாம். நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்த அந்தப் பிள்ளையின் தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு; அவனை வேவு பார்க்கிறவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மனிதனுக்குத் தன் சாப்பாட்டுத் தட்டு கடைசிச் சுதந்திரம். வேலை போய், மனைவி போய், நடக்கும் சக்தியும் பாதி போன பிறகு மிச்சமிருப்பது அந்தத் தட்டும், அதில் எப்போதாவது ஒரு நாள் தானாகச் செய்யும் ஒரு தவறும்தான். அன்பு என்ற பெயரால் அதையும் பிடுங்கிக்கொண்டால், அவர் பிழைத்திருப்பார். ஆனால் கைதியாகப் பிழைத்திருப்பார். கைதிகள் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

பொய் சொல்ல முடியாத கருவியைக் கண்டுபிடித்துவிட்டோம். பொய் சொல்லத் தேவையில்லாத மனிதரை இன்னும் அவருக்குத் தேடித் தரவில்லை. தகராறு முழுவதும் இதில்தான் இருந்தது.

அந்த மனிதர் எதிர்பாராத திக்கிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு முறை ஒரு நர்ஸ் போனில் கூப்பிடுவது வழக்கம். முதலில் இருந்தவர் பட்டியலைப் படிப்பதுபோல் கேள்விகளைப் படித்து முடித்து வைத்துவிடுவார். அவர் வேலையை விட்டுப் போய் வேறொரு பெண் வந்திருந்தாள். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நினைவு நாள் கழிந்த இரண்டாவது வாரம் அவள் கூப்பிட்டபோது நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் நீல நோட்டைப் பிரித்தார்.

"அது இருக்கட்டும், ஐயா. அம்மாவோட நினைவு நாள் இந்த மாசம்தான்னு போன தடவை சொன்னீங்களே, ஆச்சா?" என்றாள் அவள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆச்சு."

"யாரு சமைச்சாங்க?"

"தங்கச்சி."

"பாயசம் வச்சாங்களா?"

"வச்சா."

"நல்லா இருந்ததா, ஐயா?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்ததும்மா. முழுக் கிண்ணமும் குடிச்சேன்."

"சரி, ஐயா. வருஷத்துக்கு ஒரு நாள். அதை அப்படியே எழுதி வச்சுக்கலாம். மத்த நாளெல்லாம் எப்படி?"

அவ்வளவுதான். முப்பது வருஷமாகச் சாத்தியிருந்த கதவு திறந்துகொண்டது. நோட்டில் எழுதியதெல்லாம் பொய் என்றார். கையிலிருந்த பொட்டைத் தாமே பிய்த்துப் போட்டதைச் சொன்னார். கடைசியில், எனக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் பத்து நாளாக ஒரு புண். புதுச் செருப்பு கடித்தது. வலி இல்லாததால் கவனிக்கவில்லை. ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு, சொன்னால் திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டார்.

வலி இல்லை என்பதுதான் இதில் பயங்கரம். வெகுநாள் சர்க்கரை, காலின் நரம்புகளை மரக்கச் செய்துவிடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது. விரலில் ஆரம்பித்தது காலில் போய் முடியும்.

காமிராவைக் காலுக்கு நேரே காட்டச் சொன்னாள். பார்த்ததும் அவள் குரல் மாறவில்லை. ஆனால் ஒரு விநாடி தாமதித்தது. "இதைப் போன்ல பார்த்து ஒண்ணும் சொல்லக் கூடாது, ஐயா. தொட்டுப் பார்க்கணும். நாளைக்குக் காலையில வந்துடுங்க. டாக்டர்கிட்ட நான் இப்பவே சொல்லிடறேன். வர்ற வரைக்கும் அந்தக் காலை ஊன வேண்டாம்."

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில், இந்தியாவில் தொலை மருத்துவத்துக்கு விதிமுறைகள் வந்தன. எந்த நோயாளியைப் போனிலேயே பார்க்கலாம், யாரை நேரில் வரச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவை மருத்துவரின் கையில் வைத்திருக்கின்றன. அந்த விதியின் தர்மத்தை அந்தச் சின்னப் பெண் குரலிலேயே கண்டேன். தன்னால் முடியாதது எது என்று அறிந்திருப்பதுதான் தூரத்து வைத்தியத்தின் முதல் தகுதி. மறுநாள் நாங்கள் போனோம். புண்ணைச் சுத்தம் செய்தார்கள். காலில் பாரம் விழாதபடி கட்டுப் போட்டார்கள். மாத்திரையோடு இன்சுலினும் ஆரம்பித்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை. அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கால் ஆறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆறிய பிறகு பெரியவரோடு பூந்தமல்லியில் அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தோம். அது திருக்கச்சி நம்பிகளின் ஊர். அவர் இங்கிருந்து பூக்கொண்டு போய்க் காஞ்சி வரதருக்குச் சூட்டி, விசிறி வீசி, அவரோடு பேசிக்கொண்டிருப்பார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. இராமாநுஜர் தம் மனத்திலிருந்த சந்தேகங்களை வெளியே சொல்லாமலே, விடை மட்டும் கேட்டு வரச் சொல்லி நம்பிகளை அனுப்பினாராம். பெருமாள் ஆறு வார்த்தையில் ஆறு விடை சொல்லியனுப்பினாராம். நம்பிகள் முதுமையில் நடக்க முடியாமல் போனபோது பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்ததாகவும் சொல்கிறார்கள்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதையை நினைத்துக்கொண்டேன். ஆளனுப்பி விடை பெறுவதும், நடக்க முடியாதவரைத் தேடி வருவதும் நமக்குப் புதிய யோசனைகள் அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெருமாளுக்குக் கேள்வியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நினைத்ததே போதுமாயிருந்தது. மனிதனாகிய டாக்டருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்வதற்கு அச்சமில்லாமல் இருக்க வேண்டும். எந்தச் செயற்கைக்கோளும் செய்து கொடுக்க முடியாத வசதி அது.

போனே இல்லாதவர்களும், போன் இருந்தும் அதைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கொடுப்பது மாத்திரை மட்டும்தானா என்பது, வாசற்படியில் நின்று அவர்கள் கேட்கும் முதல் கேள்வியைப் பொறுத்தது. "ஏன் இப்படி ஏத்தி வச்சிருக்கே?" என்று கேட்டால் வாசலில் நின்றாலும் அவர்கள் தூரத்தில் நிற்கிறார்கள். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மட்டுமல்ல, நம் வீட்டுக்கும்தான். நம்மில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இப்போது ஒரு சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறார். அவர் கை சர்க்கரை டப்பாவுக்குப் போகும்போது நாம் எழுப்பும் கூச்சல் அவருடைய கையை நிறுத்துகிறதா, நாம் இல்லாத நேரத்துக்கு அந்தக் கையைத் தள்ளிப் போடுகிறதா? யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நீல நோட்டு இருக்கலாம்.

பெரியவர் கையில் இப்போது மறுபடியும் அந்தப் பொட்டு இருக்கிறது. பிள்ளையோடு ஓர் ஒப்பந்தம். சர்க்கரை அபாயமாக இறங்கினால் மட்டும் கனடாவில் மணி அடிக்கும், ஏறினால் அடிக்காது. ஏறினதை அப்பாவே ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடுவார். இதுவரை சொல்லி வருகிறார்.

பழுப்பு நோட்டுத்தான் இப்போது டாக்டருக்குப் படிக்கப்படுகிறது. அதில் நினைவு நாளன்று ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த இடத்தில், பிறகு வேறு மையில் எழுதிச் சேர்த்திருக்கிறார்: "பாயசம், ஒரு கிண்ணம், 268." நீல நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று அதில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.